அண்டை வீட்டை அறியாத வணிகக் கல்வி

தாய்லாந்து நாட்டின் மேலைக் கடற்கரைப் பகுதியில் தக்குவா பா என்னும் ஊர் இருக்கிறது. அவ்வட்டாரத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றிப் பேசுகிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அது மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் பாதுகாப்பில் விடப்பெற்றது என்பது அக்கல்வெட்டுத் தரும் செய்தி. சுமாத்திராத் தீவின் பாருஸ் வட்டாரத்தில் கிடைத்த 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டோ, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் மற்றொரு வணிகக் குழுவினரைக் குறிக்கிறது. பொருள் தேடிக் கடல் கடந்த அம்மக்கள் தனித்தனியே நின்று வாழ்ந்தவர் அல்லர். குழுவாகக் கூடினர், குழுவுக்கெனக் கட்டுப்பாடுகள் வகுத்துக் கொண்டனர், போன இடத்தில் குளத்தையும் காத்தனர்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. அதே கடலைச் சூழ்ந்த நாடுகளில் இன்று வணிகத்தைக் கற்பிப்பதற்கென்றே மாளிகைகள் எழுந்துள்ளன. பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு வணிக மேலாண்மையில் முதுகலைப் பயிற்சி தரும் பள்ளிகள் அவை. மக்கள் வழக்கில் எம்.பி.ஏ. கல்லூரிகள். கோலாலம்பூரில் உண்டு, சிங்கப்பூரில் உண்டு, பேங்காக்கிலும் ஜக்கார்த்தாவிலும் மணிலாவிலும் உண்டு. ஆனால், ஒன்றுக்கொன்று அண்டை வீடுகளான இப்பள்ளிகளின் வாசல்கள் எத்திசை நோக்கித் திறந்திருக்கின்றன? மேற்றிசை நோக்கியே திறந்திருக்கின்றன. அண்டை வீட்டை நோக்கி இருப்பதெல்லாம் புறச்சுவரே. இந்நிலை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

வரலாற்றை வரிசைப்படுத்திக் காண்பது நலம். 1968 இல் மணிலா மாநகரின் மக்காத்திப் பகுதியில் ஆசிய மேலாண்மைக் கழகம் தோன்றியது. அதற்குத் தோள் கொடுத்தது அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி. 1982 இல் பேங்காக்கின் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் சசின் வணிகப் பள்ளி தோன்றியது. அதற்குத் துணை நின்றவை அமெரிக்காவின் கெல்லாக், வார்ட்டன் பள்ளிகள். 2000 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது வழிகாட்டியதும் அதே வார்ட்டன் பள்ளிதான். 2015 இல் மலேசியாவின் பேங்க் நெகாரா கோலாலம்பூரில் ஆசிய வணிகப் பள்ளியைத் தொடங்கியபோது கைகோத்தது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சுலோன் பள்ளி.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், நான்கு நகரங்கள், நான்கு தொடக்கங்கள். நான்கிலும் துணைவர் அமெரிக்கரே. பேங்காக் தன் பள்ளியைத் தொடங்கியபோது, பதினான்கு ஆண்டுகள் முன்னரே தொடங்கிய மணிலாவை முதற்றுணையாகக் கொள்ளவில்லை. கோலாலம்பூர் தொடங்கியபோது பேங்காக்கை முதற்றுணையாகக் கொள்ளவில்லை. அறிவு எங்கிருந்தாலும் தேடிக் கொள்வது தவறன்று. தொடக்கத்தில் மூத்தோர் கையைப் பிடித்து நடப்பதும் இழுக்கன்று. நடக்கத் தெரிந்த பின்னும் அதே கையைப் பற்றிக்கொண்டு, அருகில் நடக்கும் உடன்பிறப்பை ஏறிட்டும் பாராதிருப்பதே இழுக்கு.

இதனால் விளைந்த வேடிக்கை ஒன்றைச் சுட்டிக் காட்டலாம். இன்று தென்கிழக்காசிய நகரங்களில் வாடகை வண்டி வேண்டுவோர் நாடும் 'கிரேப்' நிறுவனத்தின் கரு எங்கே உருவானது? கோலாலம்பூரிலன்று. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற இரு மலேசியர், 2011 இல் அப்பள்ளியின் போட்டியொன்றில் அத்திட்டத்தை முன்வைத்தனர். 2012 இல் நிறுவனம் மலேசியாவில் பிறந்தது. ஜக்கார்த்தாவில் 'கோஜெக்' நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அக்காலத்தில் அதே பள்ளியில் பயின்றவரே. கோலாலம்பூரின் வாடகை வண்டியைப் பற்றியும் ஜக்கார்த்தாவின் மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சிந்தித்த இளைஞர்கள் ஒரு கூரையின்கீழ் சந்திக்க, அட்லாண்டிக் கடற்கரையிலுள்ள பாஸ்டன் நகரம் வரை செல்ல வேண்டியிருந்தது! அவர்தம் அறிவும் முயற்சியும் போற்றத்தக்கவை. அத்தகையோர் சந்திக்க இவ்வட்டாரத்தில் ஒரு வகுப்பறை அமையவில்லையே என்பதுதான் வருத்தம்.

"ஒத்துழைப்பு இல்லையென்று யார் சொன்னது?" என்று சினந்து எழுவோர் உளர். ஆசியான் அமைப்பு 1967 இல் பிறந்தது. ஆசியான் பல்கலைக்கழக இணையம் 1995 இல் பிறந்தது. அதன் குடையின்கீழ் வணிக, பொருளியல் துறைகளுக்கெனத் தனி இணையமும் உண்டு. 2010 இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, இளங்கலை மாணவர்களை எல்லை கடந்து அனுப்பின. இவற்றை மறைப்பது நேர்மையாகாது. இவற்றுக்காக உழைத்தோர் நன்றிக்குரியவர்.

ஆயினும் அமைப்பு வேறு, கல்வி வேறு. இரு நாட்டுத் துணைவேந்தர்கள் மேடையில் அமர்கின்றனர், புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, பொன்னிற உறையில் ஏடுகள் கைமாறுகின்றன, நிழற்படம் எடுக்கப்பெறுகிறது. மறுநாள் அவ்விரு பள்ளிகளிலும் மணி அடித்ததும் ஆசிரியர் திறக்கும் பாடம் என்ன? அமெரிக்கக் குளிர்பான நிறுவனத்தின் விற்பனைச் சிக்கல். கையெழுத்து இட்டவர்க்குத் தெரிந்த ஒத்துழைப்பு, வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனுக்குத் தெரிய வேண்டாமா? பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகைக்கு வண்ணம் பூசிவிட்டுப் பாடநூலை மாற்றாது விடுவது எவ்வகைச் சீர்திருத்தம்?

ஐரோப்பியர் இதனை வேறு வகையில் செய்தனர். 1988 இல் பாரிசு, பார்சலோனா, மிலான், கொலோன் ஆகிய நான்கு நகரங்களின் வணிகக் கல்வி நிலையங்கள் 'செம்ஸ்' என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. நான்கு நகரங்களுக்கும் மொழி வேறு, நாணயம் வேறு. அவர்கள் நினைவுப் பரிசு மாற்றிக்கொள்வதோடு நிற்கவில்லை. பொதுத் திட்டம் ஒன்றை வகுத்தனர். மாணவன் ஒரு பருவத்தைப் பிற நாட்டுப் பள்ளியில் பயில வேண்டும். பிற நாட்டில் தொழிற்பயிற்சி பெற வேண்டும். பிற மொழிகளும் கற்க வேண்டும் என்று விதித்தனர். அக்கூட்டமைப்பு வளர்ந்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அதில் உறுப்பாயிற்று. மிலானோடும் கொலோனோடும் பட்டத்தைப் பகிர்ந்துகொள்ளச் சிங்கப்பூருக்கு வழி பிறந்தது, நன்று. 1924 இல் திறக்கப்பெற்ற பாலத்துக்கு அப்பால் ஜொகூர் இருக்கிறது. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் பிழைப்புக்காக அப்பாலத்தைக் கடக்கின்றனர். அவர்கள் கடக்கும் எல்லையைப் பட்டம் ஏன் அத்துணை எளிதாய்க் கடப்பதில்லை?

இதனால் இழப்பது என்ன? முதலில் அறிவு இழப்பு. 1997 ஜூலை 2 ஆம் நாள் தாய்லாந்து தன் பாட் நாணயத்தை மிதக்க விட்டது. அன்று பேங்காக்கில் பற்றிய தீ சில மாதங்களில் ஜக்கார்த்தாவையும் கோலாலம்பூரையும் மணிலாவையும் சுட்டது. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் அனைத்துலகப் பண நிதியத்தின் கடனை நாடின. மலேசியா 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு விதித்து, ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என நாணய மதிப்பை நிலைநிறுத்தியது. ஒரே நோய்க்கு இரு மருத்துவம்! வணிகம் பயிலும் மாணவனுக்கு இதனினும் சிறந்த பாடம் உலகில் கிடைக்குமா? இப்பாடத்தைப் பேங்காக், ஜக்கார்த்தா, கோலாலம்பூர் மாணவர் ஓரிடத்தில் அமர்ந்து, அவரவர் நாட்டுத் தொழிற்சாலைகளின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட்டுக் கற்க வேண்டும். அரசுகள் பாடம் கற்றன; 2000 ஆம் ஆண்டில் சியாங் மாய் நகரில் கூடி, இடுக்கண் வந்தால் ஒன்றுக்கொன்று நாணயம் தந்து உதவும் ஏற்பாட்டைச் செய்தன. அரசுகளுக்கு வந்த அறிவு கல்வி நிலையங்களுக்கு வர வேண்டாமா?

அடுத்தது வாழ்வோடு ஒட்டிய இழப்பு. உலகச் செம்பனை எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் விளைவிக்கின்றன. ரப்பர் விளைவில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முன் நிற்கின்றன. மலேசியத் தமிழரின் மூன்று தலைமுறை வியர்வை அம்மரத்தின் வேரில் இறங்கியது. விலை வீழ்ச்சியைத் தடுக்க இம்மூன்று நாடுகளும் 2001 இல் பாலியில் கூடி முத்தரப்பு ரப்பர் மன்றம் கண்டன. பால் மரத்தைப் பற்றிப் பேச மூன்று நாட்டு அமைச்சர்கள் ஒரு மேசையில் அமர முடிந்தது. அம்மரத்தை நம்பி வாழும் சிறுதோட்டக்காரன் ஏன் விலையை முடிவு செய்ய இயலாதவனாக இருக்கிறான் என்னும் வினாவை மூன்று நாட்டு மாணவர் ஒரு மேசையில் அமர்ந்து ஆராய்வதற்கு மட்டும் என்ன தடை? ஆசியக் கழகங்கள் சில இவ்வட்டார நிறுவனங்களைப் பற்றிய பாடங்களை எழுதியுள்ளன என்பது உண்மை. எழுதியவை போதா, எழுதப்பட்டவையும் அண்டை நாட்டு வகுப்பறைகளில் முதலிடம் பெறுவதில்லை.

மூன்றாவது இழப்பே கொடியது. அது ஏழை மாணவனின் இழப்பு. பாஸ்டனுக்கும் இலண்டனுக்கும் செல்லும் பாதை யாருக்குத் திறந்திருக்கிறது? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும், உதவித்தொகை வாய்த்த மிகச் சிலர்க்குமே திறந்திருக்கிறது. தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் பெறும் ஓர் இளைஞன் அப்பாதையைக் கனவிலும் காண்பதரிது. ஆயின் அவனிடம் ஒரு செல்வம் இருக்கிறது. வீட்டிலும் பள்ளியிலும் தமிழ் கற்றான், முதலாம் ஆண்டு முதலே மலாய் கற்றான், ஆங்கிலமும் கற்றான். அவன் கற்ற மலாய் புருணையில் ஆட்சி மொழி. சிங்கப்பூரில் தேசிய மொழி. இந்தோனேசிய மொழிக்கு உடன்பிறப்பு. மேடானில் இறங்கினால் ஒரு திங்களில் அவன் கடைத்தெருவில் பேரம் பேசுவான். ஹாட்யாயிக்கு அவன் பேருந்தில் போய் வரலாம். அவனுக்கு வேண்டியது அண்டை நாட்டில் ஒரு பருவம் படிக்கும் வாய்ப்பும், அப்படிப்பைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்கும் விதியுமே. அதனை மறுத்துவிட்டு, "உலகத் தரம்" என்று உரக்கப் பேசுவது அவன் கையிலிருக்கும் பொன்னைச் செம்பென்று சொல்லி ஏமாற்றுவதாகும்.

மறுப்புரைகள் உண்டு. "பள்ளிகளின் தரம் ஒன்றுபோல் இல்லையே, தரம் சமமாகட்டும், பிறகு கூடலாம்" என்பது ஒன்று. நீந்தக் கற்ற பிறகே குளத்தில் இறங்குவேன் என்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? தரத்தை அளக்க ஆசியான் பல்கலைக்கழக இணையம் 1998 முதலே முயன்று வருகிறது. கோல் இருக்கிறது, அளப்பதற்குத்தான் மனம் வேண்டும். வலுவான பள்ளியின் ஆசிரியர் எளிய பள்ளிக்குச் சென்று கற்பித்தால் எளிய பள்ளி உயரும். சென்றவரும் வெறுங்கையோடு திரும்பமாட்டார்; தம் ஊரில் காணாத சந்தையைக் கண்டு திரும்புவார்.

"வணிகப் பள்ளிகள் ஒன்றுக்கொன்று போட்டியாளர், மாணவர்க்காகப் போரிடுவோர் எவ்வாறு கூடுவர்?" என்பது மற்றொன்று. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலையில் துணிக்கடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு கடை தனித்து நின்றால் சிலர் வருவர். தெருவே கடையாக நின்றால் ஊரே வரும். தெருக் கடைக்காரர் அறிந்த இவ்வுண்மையை வணிகத்தைக் கற்பிப்போர் அறியாதிருப்பது வியப்பே. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் செய்வார்க்கு வாணிகம் என்னும் கருத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். அண்டைப் பள்ளியின் உயர்வையும் தம் உயர்வாகக் கருதாத பள்ளி, மாணவனுக்கு எந்த அறத்தைக் கற்பிக்கும்?

"நாடுதோறும் சட்டமும் வழக்கமும் வேறு, எல்லை கடந்த பயிற்சி நடவாத செயல்" என்பது மூன்றாவது. நடவாததா? நடந்தே இருக்கிறது. நகரத்தார் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மேடானிலும் ரங்கூனிலும் சைகோனிலும் கிட்டங்கிகள் வைத்துத் தொழில் நடத்தினர். சிறுவனாகச் சேர்ந்தவன் பெட்டியடிப் பையனாகத் தொடங்கினான்; கணக்குப் பழகி அடுத்தாள் ஆனான்; பின்னர் மேலாளாக உயர்ந்தான். பெரும்பாலும் மூவாண்டுத் தவணையில் ஊருக்கும் அக்கரைக்கும் இடையே ஆட்கள் மாறினர். ஓர் ஊரில் பழகிய கணக்கு முறை மறு ஊரிலும் செல்லுபடியாயிற்று. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலைக் கற்ற மாணவர், மேடான், பினாங்கு நகரங்களில் அவ்வாழ்வு நடந்த பாங்கினை அறிவர். கட்டடமும் பட்டமும் இல்லாத வணிகப் பள்ளி அது. ஆனால் பல நாடுகளை ஒரே வகுப்பறையாக்கிய பள்ளி.

அப்பள்ளியின் குறையையும் மறைத்தல் கூடாது. அது தன் குலத்தார்க்குள்ளேயே கூடிய கூட்டம். அண்டை நாட்டுச் சந்தையைக் கற்றது. அண்டை நாட்டு மக்களைத் தன்னோடு அமர்த்திக் கற்பிக்கவில்லை. 1930 களில் விலை வீழ்ந்து, பர்மிய உழவரின் நிலங்கள் கடனுக்கு ஈடாகப் பெருமளவில் கைமாறியபோது, கடன் கொடுத்தோர்க்கும் நிலம் இழந்தோர்க்கும் இடையே பகைமை மூண்டது. சந்தையைக் கற்று மனிதரைக் கல்லாத வணிகம் எங்கே போய் முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆகவே இன்று வேண்டுவது பழைய கிட்டங்கியின் பரப்பும் பயிற்சியும். அதற்கில்லாத திறந்த வாசலும் வேண்டும். மலாய்க்காரனும் தாய்லாந்துக்காரனும் வியட்நாமியனும் தமிழனும் சீனனும் ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தும் வகுப்பறை வேண்டும்.

செய்ய வேண்டுவன பல இல்லை; நான்கே. முதலாவது, பொதுப் பாடக் களஞ்சியம். ஒரு நிறுவனம் உண்மையில் எதிர்கொண்ட சிக்கலை எழுதி, "நீ அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?" என்று மாணவனை வினவும் முறையை நிகழ்வாய்வு என்பர். ஒவ்வொரு பள்ளியும் தன் மண்ணின் நிகழ்வாய்வுகள் சிலவற்றை ஆண்டுதோறும் எழுதி, அண்டைப் பள்ளிகளுக்குக் கட்டணமின்றித் தரட்டும். இரண்டாவது, அண்டை நாட்டில் ஒரு பருவம். கட்டணத்தைத் தாய்ப் பள்ளியிலேயே கட்டி, அங்கே பெறும் பாடப் புள்ளிகள் குறைவின்றி இங்கே ஏற்கப்படட்டும். மூன்றாவது, ஆசிரியர் பரிமாற்றம். மாணவன் மட்டும் எல்லை கடந்தால் போதாது. கற்பிப்பவர் கடக்காத எல்லையைக் கற்பவர் கடப்பதரிது. நான்காவது, அண்டை நாட்டு மொழி ஒன்று. ஆங்கிலம் அலுவலகத்தின் வாசல்வரை அழைத்துச் செல்லும். சந்தைக்குள்ளும் வயலுக்குள்ளும் அழைத்துச் செல்வது மண்ணின் மொழியே.

இவை கோடி வெள்ளி கேட்கும் திட்டங்கள் அல்ல. ஏறத்தாழ 68 கோடி மக்கள் வாழும் வட்டாரம், தன் மொத்த வாணிகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தனக்குள் நடத்திக்கொள்கிறது. 2025 ஜனவரியில் ஜொகூர், சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தொழிற்சாலைகள் பாலத்தின் இருமருங்கும் கைகோக்கப் போகின்றன. அவற்றை நடத்தப் போகும் இளைஞர்கள் பாலத்தின் இருமருங்கும் பயின்றிருக்க வேண்டாமா? முதல் நிகழ்வாய்வை அங்கிருந்தே எழுதத் தொடங்கலாம். முதல் பொதுப் பருவத்தை அங்கேயே நடத்தலாம். ஒப்பந்தம் கையெழுத்தான நாளை விழாவாக்கும் பள்ளிகள், முதல் மாணவன் படித்து மீண்ட நாளை விழாவாக்கட்டும்.

இதில் தமிழாசிரியர்க்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு பெரிது. பட்டினப்பாலை கற்பிக்கும் ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களை வரிசையாகச் சொல்லி, பழம்பெருமை பேசி, வினாத்தாளுக்கு விடை எழுதச் செய்வதோடு நின்றுவிடுகிறார். அப்பொருள்கள் வந்த இடங்களுள் ஒன்று காழகம். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைக் கடாரம் என்றார். கடாரமென்று தமிழர் வழங்கிய கெடாவில், தாய்லாந்து எல்லைக்கு மிக அருகில், சிந்தோக் என்னும் இடத்தில், மேலாண்மைக் கல்விக்கென 1984 இல் தோன்றிய வட மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பண்டைத் துறைமுகத்தையும் இன்றைய பல்கலைக்கழகத்தையும் ஒரே நிலப்படத்தில் காட்டும் ஆசிரியரே அப்பாடலைக் கற்பித்தவர் ஆவார். "அக்கரையில் இருந்தவரோடு கணக்குத் தீர்த்தவர் உன் முன்னோர், நீ அக்கரையில் யாரோடு கற்கப் போகிறாய்?" என்று அவர் மாணவனை வினவட்டும்.

பழம்பெருமை பேசும் நாவுக்குப் பஞ்சமில்லை. குளத்தைக் காத்த கைக்குத்தான் பஞ்சம். வணிகப் பள்ளிகள் தம் அண்டை வாசலைத் திறக்கும்வரை அவ்வாசலைத் தட்டுவது கற்றோர் கடமை. தட்டும் கைகளுள் தமிழாசிரியரின் கையும் தமிழ் மாணவனின் கையும் முன்னிற்க வேண்டும்.